பேக்லிங்குகளுக்கான ஆங்கர் டெக்ஸ்டைத் தேர்ந்தெடுக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

ஓர் இணைய இணைப்பில் வாசகரின் கண்ணுக்குத் தெரிகின்ற, அழுத்தக்கூடிய சொற்களையே ஆங்கர் டெக்ஸ்ட் என்கிறோம். இந்தக் கட்டுரையில் அதை இணைப்பு உரை என்று குறிப்பிடுகிறேன். பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளே பேக்லிங்குகள். அழுத்தினால் எங்கே சென்று சேர்வோம் என்பதை வாசகருக்கும், சுட்டப்படும் பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிக்கும் அந்தச் சில சொற்களே தெரிவிக்கின்றன. இணைப்பு உரையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, வாசகரை மறந்துவிட்டுத் தேடுபொறிக்காக மட்டுமே சொற்களைத் தேர்ந்தெடுப்பதால் வருபவை.

எந்த இடத்தில் சொற்கள் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பதைப் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் சாரம். உங்கள் தளத்துக்குள்ளே ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குத் தரும் இணைப்புகளில் இயன்ற அளவு துல்லியமாக எழுதுங்கள்; பிறருடைய தளங்களிலிருந்து வரும் இணைப்புகளில் சொல்தேர்வை இயன்ற அளவு அவர்களிடமே விடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் தாங்கள் விரும்பும் தேடல் சொல்லைத் திணித்துவிட்டு, தங்கள் தளத்துக்குள் “இங்கே அழுத்தவும்” என்று எழுதி வைக்கிறார்கள்.

இணைப்பு உரைக்கு மதிப்பு வந்த வரலாறு

கூகுளின் நிறுவனர்களான செர்கே பிரினும் லாரி பேஜும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இணைப்பின் சொற்களை அது இடம்பெற்றிருக்கும் பக்கத்தோடு மட்டுமன்றி, அது சுட்டும் பக்கத்தோடும் சேர்த்துப் பதிவு செய்வதாக விளக்கினார்கள். அதற்கு இரண்டு காரணங்களைக் கூறினார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட, அதைச் சுட்டுபவர்கள் சொல்வது பல வேளைகளில் துல்லியமாக இருக்கிறது என்பது முதற்காரணம். படங்கள், நிரல்கள், தரவுத்தளங்கள் போன்று, உரையை மட்டுமே படிக்கக்கூடிய தேடுபொறியால் அட்டவணைப்படுத்த முடியாதவற்றையும் அவற்றைச் சுட்டும் சொற்களைக் கொண்டு கண்டெடுக்கலாம் என்பது இரண்டாவது.

முதற்காரணத்தின் உள்ளே ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. சுட்டுபவர் தம் சொந்த விருப்பத்தில் எழுதியிருந்தால்தான் அந்தச் சொற்கள் சாட்சியமாகும். பக்கத்தின் உரிமையாளரே அவற்றை எழுதிக் கொடுத்திருந்தால், அது மீண்டும் அவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதாகிவிடுகிறது. அதன்பின் தேடுபொறிகள் கொண்டுவந்த ஒவ்வொரு கட்டுப்பாடும் இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதற்காகவே வந்தது என்று பார்த்தால், விதிகளை மனப்பாடம் செய்யாமலே புரிந்துகொள்ளலாம்.

2003-இல் பலர் ஒன்றுசேர்ந்து, “படுதோல்வி” என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரை இணைப்பு உரையாக வைத்து, அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தைச் சுட்டினார்கள். அந்தச் சொற்கள் அப்பக்கத்தில் இல்லாதபோதும், தேடினால் அதுவே முதலில் வந்தது. இத்தகைய கூட்டுச் செயல்களின் விளைவைக் குறைக்கும் மாற்றத்தை 2007 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. வணிக நோக்கில் நடந்த திணிப்புக்குப் பெரிய அடி 2012 ஏப்ரல் 24 அன்று வெளியான, பெங்குவின் என்று பெயரிடப்பட்ட கூகுள் தரவரிசை வழிமுறை மாற்றத்தால் விழுந்தது. ஒரே தேடல் சொல்லை நூற்றுக்கணக்கான தளங்களில் இணைப்பு உரையாக வாங்கி வைத்திருந்த தளங்கள் தரவரிசையில் சரிந்தன. 2016 செப்டம்பரில் பெங்குவின் கூகுளின் மைய வழிமுறையில் இணைந்து உடனுக்குடன் இயங்கத் தொடங்கியது. முழுத் தளத்தையும் கீழிறக்குவதைவிட, செயற்கையான இணைப்புகளின் மதிப்பை நீக்குவதே அதன் போக்காக மாறியது. 2022 டிசம்பரில், ஸ்பேம்பிரெயின் என்ற இயந்திரக் கற்றல் அமைப்பைக் கொண்டும் இயல்பற்ற இணைப்புகளைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் மாற்றம் வெளியானது.

எனவே இன்று செயற்கையான இணைப்பு உரைக்காகச் செலவிடும் உழைப்பு, தண்டனை பெற்றுத் தராவிட்டாலும் பயனற்றுப் போக வாய்ப்பு மிகுதி.

படி 1: வகைகளைப் பெயர் சொல்லி அறிதல்

எடுத்துக்காட்டுக்காக, சைக்கிள் பராமரிப்பு பற்றிய ஒரு தளத்தையும், அதில் செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் இடும் முறையை விளக்கும் ஒரு பக்கத்தையும் எடுத்துக்கொள்வோம். மக்கள் தேடும் சொற்களை அப்படியே கொண்ட “சைக்கிள் செயின் பராமரிப்பு” என்பது முழுப் பொருத்த உரை. “செயினில் படிந்த அழுக்கை நீக்குவதற்கான படிகள்” போல அதே கருத்தை வேறு சொற்களோடு கலந்து சொல்வது பகுதிப் பொருத்த உரை. தளத்தின் பெயரே இணைப்பாக அமைந்தால் அது பெயர் உரை; பெயரும் பொருளும் சேர்ந்து வருவதும் உண்டு. முகவரியை அப்படியே ஒட்டுவது வெற்று முகவரி. “இங்கே”, “இந்தக் கட்டுரை”, “மேலும் வாசிக்க” ஆகியவை பொது உரைகள். கட்டுரையின் தலைப்பையே இணைப்பாக்குவது தனி வகையாகக் கருதத்தக்கது. தாமாகச் சுட்டுபவர்கள் அடிக்கடி செய்வது அதைத்தான். படம் இணைப்பாக இருக்கும்போது, அந்தப் படத்தைச் சொற்களில் விவரிக்க எழுதப்பட்ட மாற்று உரையை இணைப்பு உரையாகக் கூகுள் எடுத்துக்கொள்கிறது.

இவற்றில் எதுவும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல. ஒரு வகை எந்த இடத்தில், யாருடைய கையால் வந்தது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

படி 2: சுட்டப்படும் பக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

சொற்களைத் தேடுவதற்கு முன்னால், அந்தப் பக்கம் வாசகருக்கு என்ன தருகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு சைக்கிள் செயினைக் கழற்றாமலே சுத்தம் செய்யும் முறையைப் படங்களுடன் விளக்குகிறது” என்று எழுத முடிந்தால், நல்ல இணைப்பு உரைகள் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்: “செயினைக் கழற்றாமல் சுத்தம் செய்வது”, “செயின் சுத்தம் செய்யும் முறை, படங்களுடன்” என்று பலவாறாக. அந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், சிக்கல் இணைப்பு உரையில் இல்லை. பக்கம் ஒரே நேரத்தில் பல பொருள்களைப் பேசுகிறது. அதைச் சரிசெய்யாமல் சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

அடுத்து, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல்களுக்கு அது காட்டப்படுகிறது என்று பாருங்கள். நீங்கள் “பராமரிப்பு” என்று எழுதியிருக்க, மக்கள் “சுத்தம் செய்வது எப்படி” என்றோ “செயின் சத்தம் வருகிறது” என்றோ தேடிக்கொண்டிருக்கலாம். உங்கள் தளத்துக்குள் எழுதும் இணைப்பு உரைகளுக்கு அந்தப் பட்டியலைவிடச் சிறந்த மூலம் வேறில்லை என்பது என் கருத்து. ஒரு தேடல் சொல்லுக்குப் பல மாற்று வடிவங்களை உற்பத்தி செய்து தரும் கருவிகளைக் காட்டிலும், உண்மையில் உங்கள் பக்கத்துக்கு வந்தவர்கள் தட்டச்சு செய்தவை நம்பத்தக்கவை.

ஒரே சொற்றொடரைக் கொண்டு இரண்டு வெவ்வேறு பக்கங்களைச் சுட்டக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். “செயின் பராமரிப்பு” என்ற சொற்கள் ஓரிடத்தில் சுத்தம் செய்யும் பக்கத்துக்கும், மற்றோரிடத்தில் செயின் மாற்றும் பக்கத்துக்கும் சென்றால், அந்தச் சொற்களுக்கு உரிய பக்கம் எது என்ற குழப்பத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

படி 3: ஏற்கெனவே உள்ளவற்றைக் கணக்கெடுத்தல்

சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில், வெளித்தளங்கள் அதிகம் பயன்படுத்தும் இணைப்பு உரைகளின் பட்டியல் கிடைக்கும். அது முழுமையான கணக்கு அன்று. இருந்தாலும் பொதுவான போக்கைக் காட்டப் போதுமானது. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் இதுபோன்ற பட்டியல் உண்டு. எந்தச் சொற்கள் எந்தத் தளத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வருகின்றன என்று தனித்தனியாக அறிய, அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ், மெஜஸ்டிக் போன்ற கருவிகளில் ஒன்று தேவைப்படும். ஒவ்வொரு கருவியும் இணையத்தைத் தனித்தனியே உலவித் தரவு திரட்டுவதால் அவற்றின் எண்ணிக்கைகள் ஒத்துப்போகா. அதனால் ஒரே கருவியின் தரவைக் காலப்போக்கில் ஒப்பிடுங்கள். இரு கருவிகளின் தரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

பட்டியலை முழுத் தளத்துக்கும் ஒன்றாகப் பார்ப்பது போதாது. முகப்புப் பக்கத்துக்கு வரும் இணைப்புகளில் தளத்தின் பெயரும் முகவரியும் மிகுந்திருப்பது இயல்பு. ஏனெனில் முகப்பைச் சுட்டுபவர்கள் உண்மையில் தளத்தையே சுட்டுகிறார்கள். ஆனால் உட்பக்கம் ஒன்றுக்கு வரும் இணைப்புகளில் அந்தப் பக்கத்தின் தலைப்பும், பொருளை விளக்கும் பலவகைச் சொற்களும் கலந்திருக்க வேண்டும். முகப்புப் பக்கத்தை நோக்கிப் பல்வேறு தளங்களிலிருந்து ஒரே வணிகச் சொற்றொடர் எழுத்து மாறாமல் வந்துகொண்டிருந்தால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். இயல்பாக எழுதும் இருபது பேர் ஒரு பக்கத்தை இருபது விதமாகத்தான் குறிப்பிடுவார்கள்.

முழுப் பொருத்தம் இத்தனை விழுக்காடு, பெயர் உரை இத்தனை விழுக்காடு என்று வகுத்துத் தரும் அட்டவணைகள் பலவற்றை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றை நம்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். தேடுபொறி எதுவும் அப்படியொரு விகிதத்தை வெளியிட்டதில்லை. மேலும், விகிதம் துறைக்குத் துறை இயல்பாகவே மாறுபடும். தளத்தின் பெயரே தேடல் சொல்லாகவும் அமைந்திருக்கும் ஒன்றுக்கும், பொருளோடு தொடர்பில்லாத புனைபெயர் கொண்ட மற்றொன்றுக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்? அளவு தெரிய வேண்டுமானால், உங்கள் பொருளில் நல்ல இடத்தில் இருக்கும் சில பக்கங்களுக்கு வரும் இணைப்பு உரைகளை எடுத்துப் படியுங்கள். எண்களைக் கணக்கிடுவதைவிடச் சொற்களைப் படிப்பதே மிகுதியாகக் கற்றுத் தரும்.

படி 4: தளத்துக்குள் உள்ள இணைப்புகளைத் திருத்தி எழுதுதல்

முயற்சிக்கு ஏற்ற பலன் உறுதியாகக் கிடைக்கும் இடம் இதுவே. வெளியிலிருந்து இணைப்பு பெறப் பல மாதங்கள் உழைப்பதற்கு முன், உங்கள் கையிலிருக்கும் இணைப்புகளைச் சீர்செய்துவிடுங்கள். ஸ்கிரீமிங் ஃபிராக் போன்று, தளத்தின் பக்கங்களைத் தானாக வலம்வரும் நிரல் ஒன்றைக் கொண்டு தளத்தின் உள் இணைப்புகளையும் அவற்றின் உரைகளையும் ஓர் அட்டவணையாக இறக்கி, “இங்கே”, “மேலும்”, “இந்தப் பக்கம்” என்று வருபவற்றையும் உரையே இல்லாதவற்றையும் முதலில் பிரித்தெடுங்கள்.

ஒவ்வோர் உரையையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுற்றியுள்ள வாக்கியத்தை மறைத்துவிட்டு, இணைப்பின் சொற்களை மட்டும் வாசியுங்கள். போகும் இடம் புரிந்தால் உரை நல்லது, புரியாவிட்டால் மாற்றுங்கள். கூகுளின் வழிகாட்டுதலும் இந்தச் சோதனையையே பரிந்துரைக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரை வாசிப்பானில் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்டு உலவுவது வழக்கம். “இங்கே, இங்கே, இங்கே” என்று கேட்பவருக்கு அந்தப் பக்கம் பயன்படாது. இணைப்பின் நோக்கம் அதன் உரையாலோ, உரையும் சூழலும் சேர்ந்தோ புலப்பட வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்னும் அணுகுதன்மை நெறிமுறையில் அடிப்படை நிலையிலேயே உள்ள விதி. தரவரிசை எதையும் கருதாவிட்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே உரைகளைச் சீர்செய்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

நீளத்தைப் பொறுத்தவரை, பொருள் முழுமை பெறும் அளவுக்குச் சொற்கள் போதும். “செயின்” என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்லவில்லை. ஒரு முழுப் பத்தியையே இணைப்பாக்கினால் எந்தப் பகுதி முக்கியம் என்று யாருக்கும் தெரியாது. “ஈரமான காலத்தில் செயினுக்கு ஏற்ற எண்ணெய்” போன்ற ஒரு சொற்றொடர் பெரும்பாலும் சரியான அளவாக அமையும். இரண்டு இணைப்புகளை இடைவெளியின்றி அடுத்தடுத்து வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வாசகர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுவார், ஒவ்வொன்றுக்கும் உரிய சூழல் சொற்களும் இல்லாமல் போகும்.

உள் இணைப்புகளில் ஒரே பக்கத்தை ஒரே சொற்களால் பலமுறை சுட்டுவது குற்றமன்று. வழிசெலுத்தும் பட்டியில் அதுதான் இயல்பு. ஆனால் கட்டுரையின் உடலுக்குள் அந்தந்த வாக்கியத்துக்கு ஏற்ப உரை மாறட்டும். பிரேக் பற்றிய கட்டுரையில் “பிரேக்கைச் சரிசெய்யும்போதே செயினையும் சுத்தம் செய்துவிடலாம்” என்ற வாக்கியத்தில் இணைப்பு இயல்பாக அமைகிறது. அதே வாக்கியத்தில் “சைக்கிள் செயின் பராமரிப்பு குறிப்புகள்” என்ற தொடரை வலிந்து நுழைத்தால், எழுத்தின் ஓட்டம் அங்கே தடுக்கி விழுவது படிக்கும்போதே தெரியும்.

தொழில்நுட்பத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. போகும் முகவரியைத் தாங்கும் ஹெச்ரெஃப் பண்பு கொண்ட முறையான எச்டிஎம்எல் இணைப்பாக இருந்தால்தான் கூகுளால் அதை உறுதியாகப் பின்தொடர முடியும். பொத்தான் ஒன்றில் ஜாவாஸ்கிரிப்டால் மட்டும் இயங்கும் தாவுதலை அது இணைப்பாகக் கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்தை இணைப்பாக்கும்போது மாற்று உரையைக் காலியாக விடாதீர்கள். கட்டுரைப் பட்டியல்களில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் “மேலும் வாசிக்க” வருவது வடிவமைப்பின் பழக்கம். தலைப்பையே இணைப்பாக்கிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

படி 5: தமிழில் இணைப்பைத் தொடங்கும் இடமும் முடிக்கும் இடமும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் தொடாத பகுதி இது. தமிழில் வேற்றுமை உருபுகள் பெயரோடு ஒட்டியே வருவதால், தேடல் சொல் வாக்கியத்துக்குள் அதே வடிவில் நிற்பதில்லை. “பராமரிப்பு” என்பது “பராமரிப்பை”, “பராமரிப்பில்”, “பராமரிப்புக்கு” என்று மாறும். “செயின்” என்பது “செயினை”, “செயினின்” என்று மாறும். மூல வடிவம் மட்டும் இணைப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லை நடுவே வெட்டி உருபை வெளியே விடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். எழுத்தும் அதன் உயிர்க்குறியும் வெவ்வேறு எச்டிஎம்எல் கூறுகளில் பிரிந்தால் சில உலாவிகளில் எழுத்து சிதைந்து தெரியலாம். வாசிப்பவருக்கும் அது உடைந்த சொல்லாகவே படும். உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் இணைப்புக்குள் கொண்டுவாருங்கள்.

உருபு ஏறாத வடிவம் வேண்டும் என்று தோன்றினால் வாக்கியத்தை மாற்றி அமைக்கலாம். “செயின் பராமரிப்பைப் பற்றி அறிய” என்பதற்குப் பதிலாக “செயின் பராமரிப்பு: படிப்படியான விளக்கம்” என்று பக்கத்தின் தலைப்பை அப்படியே மேற்கோளாகத் தரலாம். “பற்றி”, “குறித்து”, “என்ற கட்டுரையில்” போன்ற சொற்களை இணைப்புக்கு வெளியே விடுவது நல்லது. அவை பொருளைக் கூட்டுவதில்லை. வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றெழுத்து முந்தைய சொல்லோடு சேர்ந்தே இருக்கட்டும்.

சொல்தேர்விலும் கவனம் தேவை. “சைக்கிள்”, “மிதிவண்டி”, “ஈருருளி” ஆகிய மூன்றும் ஒரே பொருளைக் குறித்தாலும் தேடுபவர்கள் வேறு வேறானவர்கள். தளத்தின் முதன்மைச் சொல் ஒன்றை முடிவு செய்து பெரும்பாலும் அதையே பயன்படுத்துங்கள். பிற வடிவங்கள் வாக்கியம் கேட்கும்போது மட்டும் வரட்டும். தமிழ் எழுத்துகள் கொண்ட முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த நீண்ட சரமாக மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே தமிழ்ப் பக்கங்களுக்கு வெற்று முகவரி மற்ற மொழிகளைவிட மோசமான இணைப்பு உரை. தலைப்பைக் கொடுப்பதே மேல்.

படி 6: வெளித்தளங்களில் கிடைக்கும் இணைப்புகளை வகைப்படுத்தி அணுகுதல்

தாமாக முன்வந்து ஒருவர் உங்கள் பக்கத்தைச் சுட்டியிருந்தால், அவர் “இங்கே” என்றே எழுதியிருந்தாலும் அதை மாற்றும்படி கேட்காதீர்கள். அந்த இணைப்பின் மதிப்பே அது அவருடைய சொல் என்பதில் இருக்கிறது. தவறான தகவலையோ, பிழையான பெயரையோ, இல்லாத பக்கத்தையோ சுட்டினால் மட்டும் எழுதித் தெரிவிக்கலாம்.

நீங்களே கேட்டுப் பெறும் இணைப்பாக இருந்தால், கடிதத்தில் பக்கத்தின் தலைப்பையும் அது என்ன தருகிறது என்பதையும் மட்டும் எழுதுங்கள். “உங்கள் கட்டுரையில் செயின் சத்தத்துக்கான காரணங்களை விளக்கியிருக்கிறீர்கள், அதைத் தொடர்ந்து சுத்தம் செய்யும் முறையைப் படங்களுடன் விளக்கும் எங்கள் பக்கம் உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம். பொருத்தமாகத் தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பது போதும். எந்தச் சொற்களில் இணைப்பு அமைய வேண்டும் என்று கட்டளையிட்டால், பெறுபவருக்கு உங்கள் நோக்கத்தின் மீது ஐயம் வரும். பலருக்கு ஒரே கட்டளையை அனுப்பினால், எல்லா இணைப்புகளிலும் ஒரே தடயம் பதியும். பக்கத்தின் தலைப்பைத் தெளிவாகவும் இயல்பாகவும் எழுதுவதுதான் பிறருடைய இணைப்பு உரையின் மீது நேர்மையாகச் செல்வாக்குச் செலுத்தும் வழி. ஏனெனில் பெரும்பாலோர் தலைப்பையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்து ஒட்டுகிறார்கள். தலைப்புக்குச் செலவிடும் நேரம் இணைப்பு உரைக்குச் செலவிடும் நேரமே.

செயலிழந்த இணைப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு மாற்றாக உங்கள் பக்கத்தை முன்மொழியும் முறை வேறொரு கவனத்தைக் கேட்கிறது. அங்கே இணைப்பு உரை ஏற்கெனவே எழுதப்பட்டு நிற்கிறது; தள உரிமையாளர் முகவரியை மட்டுமே மாற்றுவார். எனவே முன்மொழிவதற்கு முன், அந்தப் பழைய சொற்கள் தரும் வாக்குறுதியை உங்கள் பக்கம் உண்மையில் நிறைவேற்றுகிறதா என்று பாருங்கள். “செயின் தேய்மானத்தை அளக்கும் முறை” என்ற சொற்களில் அழுத்தியவரைச் சுத்தம் செய்யும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்கும் உங்களுக்கும் பயன்படாது. தேவைப்பட்டால் உங்கள் பக்கத்தில் அந்தப் பகுதியைச் சேர்த்த பின் கடிதம் எழுதுங்கள்.

பிறர் தளத்தில் நீங்கள் கட்டுரை எழுதும்போது, ஆசிரியர் குறிப்பில் தளத்தின் பெயரை மட்டும் இணைப்பாக வையுங்கள். கட்டுரையின் உடலில் உங்கள் பக்கம் உண்மையிலேயே சான்றாகவோ கூடுதல் விளக்கமாகவோ தேவைப்பட்டால், மற்ற மூலங்களைச் சுட்டும் அதே முறையில் சுட்டலாம். தேடல் சொற்களைத் திணித்த இணைப்புகளோடு கட்டுரைகளையும் செய்தி அறிக்கைகளையும் பல தளங்களில் பரப்புவது கூகுளின் கொள்கையில் இணைப்பு மோசடியாக வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. பிறர் தளங்களில் பொருத்தப்படும் சிறு செயலிகள், பதக்கங்கள், அடிக்குறிப்புகள் ஆகியவற்றில் தேடல் சொற்களை ஒளித்து வைப்பதும் அதே வகையில் அடங்கும்.

பணமோ பொருளோ கொடுத்துப் பெறும் இணைப்புகளில் இணைப்பின் தன்மையைத் தேடுபொறிக்குச் சொல்லும் ரெல் பண்பில், விளம்பர இணைப்பு என்று பொருள்படும் ஸ்பான்சர்டு அல்லது பின்தொடர வேண்டாம் என்று பொருள்படும் நோஃபாலோ என்ற குறி இருக்க வேண்டும். நோஃபாலோ 2005-இல் அறிமுகமானது. 2019 செப்டம்பரில் ஸ்பான்சர்டு, யுஜிசி ஆகிய இரண்டும் சேர்ந்தன. பின்னது பயனர்கள் எழுதும் உள்ளடக்கத்துக்கு உரியது. அப்போதிருந்து இந்தக் குறிகளைக் கட்டளையாக அன்றி, ஒரு குறிப்பாகவே கூகுள் எடுத்துக்கொள்கிறது. குறி இட்ட இணைப்பிலும் வாசகருக்காக உரையைத் தெளிவாக எழுதுங்கள். வருகை தரப்போகிறவர் வாசகர்தான். தகவல் பட்டியல் தளங்களில் நிறுவனப் பெயருக்கு உரிய இடத்தில் பெயரை மட்டும் எழுதுங்கள்.

படி 7: இணைப்பைச் சுற்றியுள்ள வாக்கியத்தையும் இடத்தையும் பார்த்தல்

இணைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களும் பொருளைத் தருகின்றன. கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே முழு வாக்கியத்தையும் கருதும்படி கேட்கிறது. ஒருவர் உங்கள் தளத்தின் பெயரை மட்டும் இணைப்பாக்கி, “செயினைக் கழற்றாமல் சுத்தம் செய்யும் முறையை இவர்கள் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தால், தேடல் சொல் இணைப்புக்குள் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. 2004-இல் விண்ணப்பிக்கப்பட்டு 2010-இல் கூகுளுக்கு வழங்கப்பட்ட ஒரு காப்புரிமை, வாசகர் ஓர் இணைப்பை அழுத்தக்கூடிய வாய்ப்பைப் பொறுத்து அதன் எடை மாறலாம் என்று விவரிக்கிறது. இணைப்பின் இடம், எழுத்தின் அளவு, உரையின் சொற்கள் ஆகியவை அங்கே காரணிகளாகக் கூறப்படுகின்றன. காப்புரிமையில் உள்ளவை யாவும் நடைமுறையில் உள்ளன என்று கொள்ள முடியாது. ஆனாலும் கட்டுரையின் மையத்தில், தொடர்புள்ள வாக்கியத்தில் வரும் இணைப்பே வாசகரை அழைத்து வரும் என்பதற்குக் காப்புரிமைச் சான்று தேவையில்லை.

படி 8: பதிவேடு வைத்துத் தொடர்ந்து கண்காணித்தல்

சுட்டும் பக்கம், சுட்டப்படும் பக்கம், இணைப்பு உரை, வந்த வழி, ரெல் குறி, பார்த்த நாள் ஆகிய ஆறு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போதும். வந்த வழி என்பதில், தானாக வந்ததா, கேட்டுப் பெற்றதா, நீங்களே எழுதியதா என்று குறியுங்கள். கேட்டுப் பெற்ற வரிசையில் ஒரே சொற்கள் குவிகின்றனவா என்பதை அது உடனே காட்டிவிடும். பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றும்போதும், பழைய பக்கத்தை 301 வழிமாற்றம் (நிரந்தர முகவரி மாற்றம்) மூலம் புதியதற்கு அனுப்பும்போதும் இந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். பழைய இணைப்பு உரைகள் புதிய பக்கத்துக்குப் பொருந்த வேண்டும். நீக்கிய பக்கங்களையெல்லாம் முகப்புக்கு வழிமாற்றுவது பயன்தராது. தொடர்பற்ற அத்தகைய வழிமாற்றங்களைப் பக்கம் இல்லாததற்குச் சமமாகவே கூகுள் கருதுகிறது.

படி 9: ஏற்கெனவே மிகையாகிவிட்டிருந்தால்

முன்பு பணியாற்றியவரோ வெளியாரோ வாங்கிக் குவித்த இணைப்புகளை நீங்கள் பொறுப்பில் ஏற்க நேரலாம். முதலில் சர்ச் கன்சோலில் கைமுறை நடவடிக்கை, அதாவது கூகுளின் பணியாளர் பார்த்து விதித்த தண்டனை, ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றைத் தேடுபொறி ஏற்கெனவே பொருட்படுத்தாமல் விட்டிருக்க வாய்ப்புண்டு. புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, உள் இணைப்புகளையும் பக்கங்களையும் சீர்செய்வதே சிறந்த பணி. மிகையான தேடல் சொற்களை நீர்த்துப்போகச் செய்வதற்காகப் பெயர் உரை கொண்ட இணைப்புகளை மேலும் வாங்கும்படி சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அது ஒரு செயற்கையை மற்றொரு செயற்கையால் மூடுவது, செய்யாதீர்கள்.

கைமுறை நடவடிக்கை இருந்தால், வாங்கிய இணைப்புகளின் பட்டியலைத் தயாரித்து, அந்தந்தத் தள உரிமையாளர்களிடம் நீக்கும்படியோ நோஃபாலோ குறி சேர்க்கும்படியோ கேளுங்கள். நீக்க இயலாதவற்றை 2012 அக்டோபரில் கூகுள் அறிமுகப்படுத்திய, இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தெரிவிக்கும் மறுப்புக் கருவியில் சேர்க்கலாம். அதற்கான கோப்பு வெறும் உரைக் கோப்பாக, வரிக்கு ஒரு முகவரியோ ஒரு டொமைனோ கொண்டதாக இருக்க வேண்டும். 1,00,000 வரிகளும் 2 எம்பி அளவும் அதன் உச்ச வரம்பு. புதிய கோப்பு பழையதை முழுவதும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமரும் என்பதால், பழைய வரிகளையும் அதில் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். நல்ல இணைப்புகளைத் தவறுதலாகச் சேர்த்தால் தளத்துக்கே கேடு என்பதால், ஐயம் இருக்கும் வரிகளை விட்டுவிடுவது பாதுகாப்பானது. பின்னர், நடவடிக்கையை நீக்கும்படி கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனைக் கோரிக்கையில் என்ன நடந்தது, எவற்றை நீக்கினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டாலும் பழைய தரவரிசை திரும்பாமல் போகலாம் என்பதைப் பொறுப்பில் உள்ள அனைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தை அன்று தாங்கியவை செயற்கை இணைப்புகளாக இருந்தால், அவற்றின் மதிப்பு நீங்கியபின் அதை மீட்டெடுக்க முடியாது என்று கூகுள் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. அங்கிருந்து பக்கம் புதிதாக இடம் பெற வேண்டும். அதற்கான பணி படி 2-இல் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தைப் பக்கம் உண்மையாக்குகிறதா என்று பார்ப்பதில் தொடங்குகிறது.